பால் யார் பேரில்?



சிரம்பானில் நடக்கும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில், உலக வாணிபக் கொள்கை பெண் சமத்துவத்தை எப்படிப் பாதிக்கிறது என்று பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. ஜெனீவாவிலோ வாஷிங்டனிலோ பேச வேண்டியது என்று தோன்றும். நான் ரந்தாவுக்கும் லிங்கிக்கும் நடுவில் இருந்த ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எனக்கு இந்தத் தலைப்பு ஒரு ரப்பர் ஸ்டோர் வாசலில்தான் தொடங்குகிறது.

காலை பதினொரு மணி இருக்கும். பால் வெட்டி முடித்தவர்கள் காண்டாக் கம்பில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். தோட்டக் கணக்கரான கிராணி மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். வாளி தராசுக்கு ஏறும். பாலில் ஒரு கருவியை மிதக்கவிட்டு, தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். பிறகு கிராணி தலையை நிமிர்த்தாமல் கேட்பார்: "யார் பேர்ல?" அம்மா அப்பாவின் பெயரைச் சொல்வாள். அவ்வளவுதான், பால் தொட்டியில் கொட்டப்படும்.

கல்யாணமான புதிதில் அம்மாவுக்குப் பால் வெட்டச் சொந்த மர நிரை இருந்தது, செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் சொந்தப் பெயர் இருந்தது. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு பெரட்டு என்ற விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நிற்க முடியவில்லை. பெயரை எடுத்துவிட்டார்கள். வேலையை எடுக்கவில்லை. சின்னதை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஏழரை மணிக்கு அப்பாவின் நிரைக்குப் போவாள். மங்கு துடைப்பாள், ஒட்டுப்பால் உரிப்பாள், பாதி மரத்தை அவளே வெட்டுவாள். அப்பா கெட்டிக்காரத் தொழிலாளி என்று தோட்டத்தில் பேர் வாங்கினார். அதில் பாதிக் கெட்டிக்காரத்தனம் அம்மாவுடையது.

நான் பிறகு பொருளாதாரம் படித்தேன், கற்பித்தேன். ரப்பரை வைத்துப் போடப்பட்ட அனைத்துலக ஒப்பந்தங்களைப் பல ஆண்டுகள் புரட்டியிருக்கிறேன். ஏற்றுமதி அளவு, விலை வரம்பு, கையிருப்பு என்று எல்லாமே நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கும். கிராணி கேட்ட அந்த ஒரு கேள்வி மட்டும் எதிலும் கிடையாது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் நாம் உட்கார்ந்திருக்கும் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களின் அடாட் பெர்பாத்தே என்ற மரபில் குடிவழி நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். பிரிட்டிஷ்காரர்களே 1909இல் அந்த வழக்கத்தைச் சட்டமாக எழுதிவைத்தார்கள். கோலப்பிலாவிலும் ரெம்பாவிலும் நிலப்பட்டா பெண் பெயரில் இருந்த அதே காலத்தில், ஒரு சாலைக்கு இந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி என்று அதே அரசாங்கம் ஏட்டில் எழுதியது. பெண்ணை மதிக்கத் தெரியாத அரசாங்கம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. எங்கே மதிப்பது செலவில்லாததோ அங்கே மதித்தார்கள்.

அந்தக் கூலிக் கணக்கைப் பார்ப்போம். 1920களின் கடைசியில், எளிதில் போய்வரக்கூடிய தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளிக்கு நிர்ணயக் கூலி ஒரு நாளைக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலக மந்தம் வந்தது. 1930இல் அதை 40, 32 என்று குறைத்தார்கள். 1937இல் பழைய 50, 40 திரும்பியது. 1938இல் மறுபடி வெட்டி 45, 36 ஆக்கினார்கள். வீட்டுக்குப் போய் வகுத்துப் பாருங்கள். 40ஐ 50ஆல், 32ஐ 40ஆல், 36ஐ 45ஆல். ஒவ்வொரு முறையும் விடை ஒன்றுதான், நூற்றுக்கு 80. உலகச் சந்தையில் ரப்பர் விலை பேயாட்டம் ஆடிய காலம் அது. 1925இல் ஒரு பவுண்டு எடை 4 ஷில்லிங்குக்கு மேல் போனது, 1932இல் சுமார் 2 பென்சுக்கு இறங்கியது. எல்லாம் ஆடியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இருந்த அந்த நூற்றுக்கு இருபது மட்டும் ஏட்டில் அசையவே இல்லை.

விலை தானாக ஆடியது என்றும் நினைத்துவிடக் கூடாது. 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் வந்தது. மலாயாவும் இலங்கையும் எவ்வளவு ரப்பர் ஏற்றுமதி செய்யலாம் என்று லண்டனில் அளந்து வைத்தார்கள். விலை ஏறியது. அமெரிக்க டயர்க்காரர்கள் கொதித்தார்கள், ஃபயர்ஸ்டோன் லைபீரியாவில் போய்த் தோட்டம் போட்டார். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் திட்டத்துக்கு வெளியே இருந்துகொண்டு நட்டுத்தள்ளின. 1928இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். பிறகு 1934இல் அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம். இந்த முறை பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். காலாண்டுக்குக் காலாண்டு விழுக்காட்டை மாற்றுவார்கள். 1937 கடைசியில் 90 விழுக்காடாக இருந்த ஏற்றுமதி அளவை மறு ஆண்டு நடுவில் 45க்குக் கொண்டுவந்தார்கள்.

தொண்ணூறு நாற்பத்தைந்தானால் தோட்டத்தில் என்ன நடக்கும்? தினம் வெட்டிய மரத்தை நாள்விட்டு வெட்டுவார்கள். சில நிரைகளை ஓய்வுக்கு விடுவார்கள். முதலில் நிற்பது புல்வெட்டு. வெயிலில் குனிந்து சுரண்டும் அந்த வேலையில் பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். விலை இருக்கும்போது பளிங்காக இருந்த தோட்டத்தில் மந்த காலத்தில் புல் முழங்காலுக்கு வளரும். என் அப்பாயி சொல்லுவார், துரைக்குக் காசு கஷ்டம் வந்தால் நமக்குப் பாம்புக் கஷ்டம் வரும் என்று. லண்டனில் ஒப்பந்தக் கமிட்டி இறக்கிய விழுக்காடு நம் காலடியில் வந்து விழுந்த வழி அது.

ஆட்களைக் கொண்டுவந்ததும் வாணிபக் கொள்கையின் ஒரு பகுதிதான். இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் 1922இல் வந்தது. அதன்கீழ், மனைவி இல்லாமல் போகும் ஆண்கள் ஐந்தில் ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். தோட்டத்தில் ஆண் கூட்டமும் அதனால் வரும் ரகளையும் குறைய வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். தோட்ட முதலாளிகளுக்கும் அதில் ஒரு லாபம் இருந்தது, குடும்பமாக வருபவன் சுலபத்தில் ஓடிப்போக மாட்டான், அவனோடு எண்பது விழுக்காட்டுக் கூலிக்கு இன்னொரு ஜோடிக் கை வரும். அப்படியும் 1931 கணக்கெடுப்பில் மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆணுக்கு 500 பெண்கூட இல்லை.

1936 கடைசியில் இந்திய அரசு வி. எஸ். சீனிவாச சாஸ்திரியை இங்கே அனுப்பியது. தோட்டம் தோட்டமாகச் சுற்றினார். கூலி விஷயத்தில் அவர் கேட்டது பழைய கூலியைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான், அதாவது 50ம் 40ம். எனக்குச் சாஸ்திரியார்மீது மரியாதை உண்டு. இருந்தாலும் அவர் கேட்ட கணக்கிலும் அந்தப் பத்துக் காசு வித்தியாசம் அப்படியே இருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1938இல் மறுபடி கூலி வெட்டியபோது இந்திய அரசு கோபித்துக்கொண்டு ஜூன் மாதம் ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. ஆணுக்கு ஐந்து காசு குறைந்ததற்கு ஒரு சாம்ராஜ்யச் சண்டை நடந்தது. பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு எப்போதுமே குறைவாக இருந்ததற்கு ஒரு கடிதமாவது எழுதப்பட்டதா என்று தேடியிருக்கிறேன். என் கண்ணில் படவில்லை.

ஏட்டில் இல்லாததைத் தொழிலாளர்களே ஒருமுறை எழுதினார்கள். 1941இல், போருக்காக உலகம் ரப்பரைக் கொட்டிக் கொட்டி வாங்கிய நேரத்தில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முன்னின்றார். கூலி உயர்வு கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். அதே பட்டியலில், தங்கள் பெண்களை அதிகாரிகள் தொல்லை செய்வது நிற்க வேண்டும் என்றும் எழுதினார்கள். படை வந்தது, சுட்டது, உயிர் போயிற்று. அந்தக் கோரிக்கை என்ன ஆயிற்று என்று பிறகு சொல்கிறேன்.

போருக்குப் பிந்திய கதை வேறு. 1954இல் பி. பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. கூலியை ரப்பர் விலையோடு கட்டினார்கள், விலை ஏறினால் கையில் இரண்டு காசு கூடும். பால்வெட்டில் எடைக்குக் கூலி என்றானபோது பெண்ணுக்கு ஒரு சங்கதி வாய்த்தது. தராசுக்கு ஆண் பெண் தெரியாது. நல்ல உளி, நிதானமான கை, பட்டையை மரம் வரை காயப்படுத்தாமல் மெல்லிசாகச் சீவும் திறமை, இவ்வளவும் பெண்ணிடம் குறைவில்லை. மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டும் ஆள் வேண்டுமென்றால் பெண்ணைப் போடு என்று தண்டல்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். தமிழ்ப் பெண் இந்த நாட்டில் ஆணோடு சரிக்குச் சரி நின்ற ஒரே தொழில் பால்வெட்டு என்பேன். பெயர் மட்டும் செக்ரோலில் இருந்தால்.

1979இல் அனைத்துலக இயற்கை ரப்பர் ஒப்பந்தம் வந்தது. விலை இறங்கினால் வாங்கிக் கிடங்கில் வைப்பது, ஏறினால் விற்பது. அதை நடத்திய அமைப்பின் தலைமையகம் நம் கோலாலம்பூரிலேயே இருந்தது. வாங்கும் நாடும் விற்கும் நாடும் ஒரே மேசையில் உட்கார்ந்த அருமையான ஏற்பாடு. ஏழை நாடுகளின் விளைபொருளுக்கு நியாய விலை என்று பேசிய காலத்தின் கடைசிப் பிள்ளை. 1997 ஆசிய நெருக்கடியில் தடுமாறி, மலேசியாவும் விலகி, 1999இல் கலைந்தது. எங்கள் தோட்டத்தில் யாரும் அதற்காகத் துக்கம் கொண்டாடவில்லை. அதற்கு முன்பே மரங்களைச் சாய்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

செம்பனை வந்துவிட்டது. ரப்பரைவிட ஆள் குறைவு, லாபம் கூட. கச்சா எண்ணெயாக அனுப்பாமல் சுத்திகரித்து அனுப்பினால் ஏற்றுமதி வரி குறைவு என்று 1970களிலேயே அரசாங்கம் வழி போட்டது, அதனால் ஆலைகள் எழுந்தன. நாட்டுக்கு அது புத்திசாலித்தனமான கொள்கை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மரம் மாறியபோது தொழிலும் ஆளும் சேர்ந்து மாறினார்கள். நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் தலைக்கு மேலே குலை வெட்டுவது ஆண் வேலை. கீழே மூன்று வேலை இருந்தது. உரம் போடுவது, மருந்து அடிப்பது, உதிரிப்பழம் பொறுக்குவது. அவை பெண்ணுக்கு. முப்பது ஆண்டு உளி பிடித்துப் பழகிய கைக்கு ஒரே நாளில் விலை இல்லாமல் போயிற்று. யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. மரத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

உதிரிப்பழம் பொறுக்குவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நன்றாகப் பழுத்த பழம்தான் குலையிலிருந்து உதிரும், அதில்தான் எண்ணெய் அதிகம். குலை தடாலென்று விழும்போது ஆரஞ்சு நிறப் பழங்கள் வட்டமாகச் சிதறும். மட்டை முள்ளுக்குள், ஈரச் சருகுக்குள், பாத்தி இடுக்குக்குள் ஓடி ஒளியும். அதை ஒவ்வொன்றாக எடுத்துக் கோணிப்பையில் போட வேண்டும். கல்லும் மண்ணும் சேர்ந்தால் ஆலையில் கழிப்பார்கள். எடுக்காமல் விட்டால் துரை சத்தம் போடுவார். மூட்டை நிறைந்தால் இழுத்துச் சாலையோரம் வைக்க வேண்டும். கணவன் வெட்ட மனைவி பொறுக்குவாள், இரண்டும் ஒரே கணக்கில் ஏறும். யார் பேரில்? உங்களுக்கே தெரியும்.

மருந்து அடிப்பது இன்னும் மோசம். முதுகில் பம்பு, அதற்குள் அப்போது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. நீலப்பச்சை நிறத்தில் இருக்கும், கடைப்பெயர் கிராமாக்சோன். நகம் கறுத்து உரியும், மூக்கில் ரத்தம் வரும், சேலைக்கு மேல் போட்டிருந்த கணவனின் பழைய சட்டைதான் பாதுகாப்பு உடை. தோட்டத்தில் வளர்ந்த ஐரின் பெர்னாண்டஸ் நிறுவிய தெனாகனித்தா அமைப்பு இந்தப் பெண்களிடம் நேரில் போய் விசாரித்து 2002இல் ஆய்வு வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் தடை அறிவித்தது, பிறகு 2006இல் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரி முதல் தேதிதான் வந்தது. நடுவில் பதினேழு ஆண்டு. இதில் வாணிபம் எங்கே என்று கேட்பீர்கள். சுவிட்சர்லாந்து 1989லேயே தன் வயலில் இதை நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. ஆனாலும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் தயாராகி வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தன் ஊரில் தெளிக்கக் கூடாததை ஏற்றுமதி செய்யலாம், அதைத் தெளித்து எடுத்த எண்ணெயை இறக்குமதி செய்யலாம். இரண்டு கப்பலுக்கும் நடுவில் இருந்தது நம் அக்காள் தங்கச்சியின் நுரையீரல்.

தொழிற்சாலைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதற்கே தனிச் சொற்பொழிவு வேண்டும். 1971இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. மின்னணுப் பொருள் கம்பெனிகள் வந்தன, சிரம்பானுக்கு மோட்டோரோலா வந்தது, செனாவாங் ஒரு தொழிற்பேட்டை ஊரானது. பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்று 1955 வேலைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது, அதிலிருந்து தொழிற்சாலைகள் விலக்கு வாங்கிக்கொண்டன. நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினார்கள். கண் கெட்டது, வேலைக்கு உத்தரவாதம் இல்லை, எல்லாம் உண்மை. ஆனால் சம்பளம் அவள் பேரில் வந்தது. வங்கியில் கணக்கு அவள் பேரில் இருந்தது. என் தங்கை முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை வாங்கி வந்தாள். அம்மா சேலையைப் பார்க்கவில்லை, சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாணிபம் பெண்ணுக்கு எதிரி என்று ஒரே வரியில் எழுதுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததற்கு அந்தச் சீட்டு ஒரு காரணம்.

இனி இன்றைக்கு வருவோம். 2020 செப்டம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை எஃப்ஜிவி என்ற மலேசியத் தோட்ட நிறுவனத்தின் செம்பனை எண்ணெயைத் துறைமுகத்தில் நிறுத்தியது. டிசம்பர் 30ஆம் தேதி சைம் டார்பி பிளாண்டேஷன். கட்டாய உழைப்பின் அடையாளங்கள் தெரிகின்றன என்றார்கள். கடவுச்சீட்டைப் பிடித்து வைத்தது, கடன் கட்டு, சம்பளப் பாக்கி. எஃப்ஜிவி பற்றிய அறிவிப்பில் பாலியல் வன்முறையும் இருந்தது. கிள்ளானில் 1941இல் தொழிலாளி எழுதியதற்குத் துப்பாக்கி வந்தது. எழுபத்தொன்பது ஆண்டு கழித்து அதே பொருளை வாஷிங்டனில் ஒரு சுங்க அதிகாரி எழுதியதும் பங்குச் சந்தை ஆடியது, கம்பெனிகள் ஆய்வாளர்களை வரவழைத்தன, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் முகவருக்குக் கட்டிய பணத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தன. சைம் டார்பி மீதான தடை 2023இல் நீங்கியது. சங்கம் அறுபது ஆண்டுக்கு மேல் தட்டிய கதவு வாங்குபவன் ஒரு கடிதம் போட்டதும் திறந்தது. இதில் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

ஐரோப்பியக் காட்டழிப்புத் தடைச் சட்டம் 2023இல் நிறைவேறி, அமலாவது தள்ளிப்போடப்பட்டது. எந்த நிலத்தில் விளைந்தது என்று அட்சரேகை தீர்க்கரேகையோடு கேட்கிறது. நாட்டின் தொழிலாளர் சட்டத்தை மீறியிருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நடைமுறையில் செக்ரோலில் பேர் உள்ளவரைத்தான் தொழிலாளி என்று எண்ணுகிறார்கள். செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால் மரம் தெரியும், மரத்தடியில் குனிந்திருப்பவள் தெரிய மாட்டாள்.

சிபிடிபிபி என்று சுருக்கிச் சொல்லும் பசிபிக் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். மலேசியாவுக்கு 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் 23ஆம் அத்தியாயத்தில் பெண்களும் பொருளாதார வளர்ச்சியும் என்று ஒரு விதி உண்டு. பயிற்சி கொடுக்கலாம், அனுபவம் பகிரலாம், தலைமைப் பண்பு வளர்க்கலாம் என்றெல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அத்தியாயத்தின் கடைசியில், இதில் உள்ள எதற்காகவும் வழக்குப் போட முடியாது என்று முடித்திருக்கிறார்கள். முதலீட்டாளருக்கு நஷ்டம் என்றால் வழக்காட ஒப்பந்தத்தில் தனிப் பகுதியே உண்டு. கல்யாணப் பத்திரிகையில் சுற்றமும் நட்பும் வருக என்று போடுவதுபோல் பெண்ணைப் போட்டிருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு பகாவ் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். இப்போது வங்காளதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர்கள்தாம் அதிகம். நம்மவர்கள் ஏழெட்டுக் குடும்பம். அலுவலகச் சுவரில் நிலைத்தன்மைச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. பக்கத்தில் பெண்கள் குழுவின் படம், குத்துவிளக்கோடு. சின்ன துரை நல்ல பையன், நம் பிள்ளைதான், சிரம்பான் பள்ளியில் படித்தவன். உதிரிப்பழம் பொறுக்கும் பெண்களின் பெயரைத் தனியாக எழுதுகிறீர்களா என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"எழுதலாம் சார். எழுதினா குறைஞ்ச சம்பளம் 1,700 வெள்ளி குடுக்கணும், சேமநிதி கட்டணும், பெர்கேசோ கட்டணும், பிரசவ லீவு 98 நாள். இப்ப புருஷன் பேர்ல ஏத்திட்டா டன் கணக்குல முடிஞ்சிடும்."

பொய் சொல்லாத பையன். அவன் சொன்னதை நான் படித்த எந்த ஒப்பந்தமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

என் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதானபோது சேமநிதிப் பணம் எடுக்க சிரம்பான் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியில் பார்த்து ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிந்திய ஐந்து ஆண்டுக்கு வரிசையாகத் தொகை இருந்தது. அதன்பின் ஒன்றுமில்லை. அப்புறம் நீங்கள் வேலை செய்யவில்லையா அம்மா என்று மலாயில் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, செஞ்சேன், இருபத்திரண்டு வருஷம், அவரு பேர்ல, என்றாள். அதை எப்படி மலாயில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டேன்.